பாகு போக மீதி இருநூற்று அறுபத்தெட்டு

நான் தின்னவில்லை. இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். மற்றதைப் படிக்க நேரமில்லாதவர்கள் இந்த ஒரு வரியோடு நிறுத்திக்கொள்ளலாம்.

என் பெயர் கஸ்தூரி. வயது நாற்பத்தேழு. பத்தாவது வரை படித்தவள். ஆவடி சேக்காட்டில் வீடு. மேனாம்பேட்டில் ஒரு இனிப்புத் தயாரிக்கும் கூடத்தில் பதினோரு வருடமாக வேலை. கடைகளுக்கு மைசூர்பாகும் பாதுஷாவும் அங்கிருந்துதான் போகும். பாகு பார்ப்பது என் வேலை. கொதிக்கிற சர்க்கரைப் பாகில் கரண்டி நுனியிலிருந்து ஒரு சொட்டு எடுத்து, கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துப் பிரித்தால் கம்பியாக இழுபடும். எவ்வளவு நீளம் இழுபட்டால் எந்தப் பலகாரத்துக்கு ஆகும் என்று விரல் சொல்லும். நாக்குக்கு அதில் வேலையே இல்லை. ஆனால் இதை நான் யாரிடமும் எடுத்துச் சொன்னதில்லை. நாலு பேர் கூடி நின்றால் எனக்கு வாய் வராது. ரேஷன் கடையில் எடை குறைந்தால்கூட வாங்கிக்கொண்டு வந்துவிடுகிற ஆள் நான்.

உணவு வேலை செய்பவர்களுக்கு வருடத்துக்கு ஒருமுறை மருத்துவச் சான்று வேண்டும். ஒன்றரை வருடத்துக்கு முன்னால் அதற்காக ரத்தம் எடுத்தபோதுதான் எனக்குச் சர்க்கரை என்று தெரிந்தது. தாளைப் பார்த்து மாஸ்டர் எல்லோர் முன்னாலும் சிரித்தார். எங்கள் கூடத்தில் அடுப்பு, ஆள், கணக்கு எல்லாம் அவர் பொறுப்பு. கெட்ட மனிதர் இல்லை. ஆனால் வாய் சும்மா இருக்காது.

"இன்னாமா கஸ்தூரி, பாக்குறதுக்கு ஒட்டடக் குச்சி மாதிரி கீற, உள்ள இவ்ளோ சக்கர வச்சிகினு கீறியே! எந்தத் தட்டுல கைய வச்ச?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதுதான் நான் செய்த முதல் தப்பு.

தெருமுனையில் உள்ள கிளினிக்கில் ஒரு மாத்திரை கொடுத்தார்கள். பிறகு இரண்டு, பிறகு மூன்று. நான் சோற்றைக் குறைத்தேன். தேநீரில் சர்க்கரை கிடையாது. காலையில் ஆறு மணிக்கு ரயில்வே பாதை ஓரமாக நடந்தேன். எடை ஐம்பத்தாறிலிருந்து நாற்பத்திரண்டுக்கு வந்தது. ரவிக்கையெல்லாம் பிடித்துத் தைத்தேன். எடை இறங்கியது, சர்க்கரை இறங்கவில்லை. ஒவ்வொரு முறையும் மருத்துவர் என் வேலை என்ன என்று கேட்பார். நான் சொல்வேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிடுவார்.

"வாயைக் கட்டலன்னா நான் எத்தனை மாத்திரை எழுதினாலும் வேஸ்ட்டும்மா."

நான் தலையாட்டிவிட்டு வந்துவிடுவேன்.

வீட்டிலும் அதே கதைதான். என் கணவரின் தங்கை சரளா, ஆவடியில் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் இருக்கிறாள். அவள் வீட்டுக்காரர் அங்கே ஃபிட்டர். வாரம் தவறாமல் வருவாள். வந்ததும் முதலில் சமையலறை டப்பாக்களைத் திறந்து பார்ப்பாள். "அண்ணி, தப்பா எடுத்துக்காதீங்க. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்" என்று ஆரம்பித்தால் அதற்குப் பிறகு வருவது நல்லதாக இருக்காது. என் கணவர் வெல்லத்தை மேல் பலகையில் அரிசி மூட்டைக்குப் பின்னால் ஒளித்து வைத்தார். ஒளித்ததைவிட, நான் கண்டுபிடித்துவிட்டேனா என்று தினமும் தொட்டுப் பார்த்தாரே, அதுதான் எனக்கு வலித்தது.

என் மகள் பவித்ரா கல்லூரி இரண்டாம் வருடம். விரலில் குத்திச் சர்க்கரை பார்க்கிற கருவி ஒன்றை வாங்கித் தந்தாள். மதியம் சாப்பிடப் போகுமுன் கூடத்திலேயே பார்ப்பேன். முந்நூற்று எண்பது, நானூற்றுப் பத்து என்று வரும். ஒரு நாள் அவசரத்தில் கையைக் கழுவாமல் வீட்டுக்கு வந்துவிட்டேன். பவித்ரா விரலில் குத்தினாள். நானூற்றுப் பன்னிரண்டு. என் கையைப் பிடித்திருந்தவளுக்கு ஏதோ தட்டுப்பட்டிருக்கிறது.

"ம்மா, கை பிசுபிசுன்னு கீதே. எத வச்சித் தொடச்ச?"

"தட்டு தொடைக்கிற ஈரத்துணியில."

"அந்தத் துணியே பாகுல ஊறினதுதானே!"

சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு மறுபடி குத்தினாள். இருநூற்று அறுபத்தெட்டு.

அன்றைக்கு எங்கள் வீட்டில் திருவிழா மாதிரி இருந்தது. விரல் தோலில் ஒட்டியிருக்கும் சர்க்கரை ரத்தச் சொட்டோடு கலந்தால் கருவி அதையும் சேர்த்துச் சொல்லிவிடும். இது உண்மைதான், பிறகு ஆஸ்பத்திரியிலும் சொன்னார்கள். ஆனால் நாங்கள் என்ன செய்தோம்? என் கணவர் தினமும் இரும்புக் கடையில் எடை போடுகிறவர். வண்டி எடையைக் கழித்துவிட்டுச் சரக்கு எடையை எழுதுவது அவர் பழக்கம்.

"இவ்ளோதானா! தட்டு எடையக் கழிக்கிற மாதிரி நூத்தி அம்பது கழிச்சிக்க. பாகுக்கு நூத்தி அம்பது. மீதிதான் உன் சக்கர."

அப்புறம் கருவி எத்தனை சொன்னாலும் நாங்கள் நூற்றைம்பதைக் கழித்தோம். கையைக் கழுவிய பிறகு பார்த்தாலும் கழித்தோம். பதினோரு வருடப் பாகு, ஒரு சோப்பில் போய்விடுமா என்று கேட்டார் அவர். பாகு போக மீதி இருநூற்று அறுபத்தெட்டு இருந்ததே, அது எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. ஒருவிதத்தில் எனக்கும் அது வசதியாக இருந்தது. தின்றாள் என்ற பேச்சு நின்று, பாகு என்ற பேச்சு வந்ததே என்று நிம்மதி. கிளினிக்குக்குப் போவதை நிறுத்திவிட்டேன்.

இரண்டு மாதம் ஓடியது. தீபாவளி வேலை ஆரம்பித்தது. தாகம் தாங்கவில்லை, குடம் குடமாகக் குடித்தேன். கால் தொய்ந்தது. அடுப்புச் சூடு என்று நினைத்துக்கொண்டேன். ஒரு நாள் காலை பத்து மணிக்கு, பாகு கம்பி இழுக்கும்போது, விரல் இரண்டாகத் தெரிந்தது. வயிறு புரட்டி வாந்தி. மூச்சு நாய்க்கு இரைப்பதுபோல இரைத்தது. மாஸ்டர்தான் தோளைப் பிடித்து ஆட்டோவில் ஏற்றினார். வழியெல்லாம், "கண்ண மூடாதமா, என்னப் பாரு, நான் திட்டுறேன், கேட்டுகினே வா" என்று சொல்லிக்கொண்டே வந்தார். அதையும் எழுதத்தான் வேண்டும்.

பூந்தமல்லி போகும் வழியில் இருக்கும் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். என் மூச்சில் அழுகின பழ வாசம் வருகிறது என்று ஒரு நர்ஸ் சொன்னது காதில் விழுந்தது. இரண்டு நாள் அவசரப் பிரிவு. இரண்டு கையிலும் ஊசி, மணிக்கு ஒரு தடவை விரலில் குத்தல். என்னவென்று பிறகு விளக்கினார்கள். இன்சுலின் என்பது ரத்தத்தில் இருக்கும் சர்க்கரையை உடம்பின் உள்ளே அனுப்பும் ஒரு புரதம். அது இல்லாவிட்டால் ரத்தம் நிறையச் சர்க்கரை இருந்தும் உடம்பு பட்டினி. அப்போது உடம்பு தன் கொழுப்பையே எரிக்கும். அந்த எரிப்பில் வரும் கழிவுக்குக் கீட்டோன் என்று பெயர். அது சேர்ந்தால் ரத்தம் புளித்துவிடும். ஆளையே கொன்றுவிடும்.

மூன்றாம் நாள் பொது வார்டுக்கு மாற்றினார்கள். அங்கே படுத்திருந்தவர்களுக்கு, நான் வந்து சேருவதற்கு முன்பே என் கதை வந்து சேர்ந்திருந்தது. பக்கத்துக் கட்டில் அம்மாள் என்னைப் பார்த்ததும், "நீதான் ஸ்வீட் கடக்காரியா?" என்றாள். மருந்து கொடுக்க வந்த நர்ஸ் சிரித்துக்கொண்டே, "கையில வெண்ணெய வச்சிட்டு யாருக்கு மனசு அடங்கும்?" என்றாள். நான் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டேன். சாவுக்குப் பக்கத்தில் போய்த் திரும்பிய பிறகும் இதைத்தானா கேட்க வேண்டும் என்று அழுகை வந்தது. பயமும் இருந்தது. மறுபடி அந்த மூச்சிரைப்பு வந்தால் பவித்ராவின் படிப்பை யார் பார்ப்பார்கள் என்ற பயம்.

சரளா தினமும் வந்தாள். கஞ்சி கொண்டுவந்தாள். என் தலைமுடி சிக்காகிக் கிடந்ததை எண்ணெய் தொட்டுப் பொறுமையாக ஒரு மணி நேரம் பிரித்தாள். பிரித்துக்கொண்டே திட்டினாள். அவள் கை சொன்னது ஒன்று, வாய் சொன்னது ஒன்று.

நான்காம் நாள் ஒரு பெண் மருத்துவர் வந்தார். சின்ன வயது. கட்டிலின் கால்மாட்டில் நின்று பேசாமல், ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். எடை எவ்வளவு நாளில் குறைந்தது, மாத்திரை ஆரம்பித்து எத்தனை மாதம், என்றைக்காவது குண்டாக இருந்தேனா, வீட்டில் யாருக்காவது தைராய்டு உண்டா என்று கேட்டார். என் வேலையைச் சொன்னேன். வழக்கம்போலப் பேனாவை வைத்துவிடுவார் என்று காத்திருந்தேன். அவர் எழுதிக்கொண்டே இருந்தார்.

அப்போதுதான் எனக்கு வாய் வந்தது. எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை.

"மேடம், நான் தின்னல. ஒரு துண்டு கூட தின்னல. யாரும் நம்ப மாட்டேன்றாங்க."

"நம்புறது நம்பாதது அப்புறம்மா" என்றார். "உங்க ரத்தத்தையே கேட்டுடலாம். அது யாருக்காகவும் மாத்திப் பேசாது."

என்னென்ன கேட்கப் போகிறார் என்றும் சொன்னார். எனக்குப் புரிந்த மாதிரி எழுதுகிறேன்.

முதலாவது, மூன்று மாதச் சராசரி. ரத்தச் சிவப்பணுவுக்குள் ஹீமோகுளோபின் என்ற புரதம் இருக்கிறது. ரத்தத்தில் சர்க்கரை கூடினால் அது அந்தப் புரதத்தின்மேல் போய் ஒட்டிக்கொள்ளும், ஒட்டினால் பிரியாது. சிவப்பணு மூன்று, நாலு மாதம் வாழும். அதனால் எவ்வளவு ஒட்டியிருக்கிறது என்று பார்த்தால் மூன்று மாதக் கதை தெரிந்துவிடும். சேர்க்கும்போதே எனக்கு எடுத்திருந்தார்கள். பதின்மூன்றுக்கு மேல். ஆறரைக்கு மேல் போனாலே நோய் என்று அர்த்தம்.

"இது முழங்கை நரம்புல எடுத்தது. சோப்பு போட்டாலும் போடாட்டியும் மாறாது. பாகுன்னு எதையும் இதுல கழிக்க முடியாது" என்றார். கழித்தல் கதையைப் பவித்ரா அவரிடம் சொல்லியிருக்கிறாள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

இரண்டாவது, சி-பெப்டைடு. கணையம் இன்சுலினைச் செய்யும்போது முதலில் நீளமாகச் செய்து, நடுவில் ஒரு துண்டை வெட்டி எடுத்துவிடுமாம். அந்த வெட்டுத் துண்டும் ரத்தத்தில் கலக்கும். ஊசியில் போடும் இன்சுலினில் இந்தத் துண்டு கிடையாது. நான் உடனே பிடித்துக்கொண்டேன். மைசூர்பாகுத் தட்டை வில்லை போடும்போது நாலு ஓரமும் தூள் விழும். ராத்திரி கூடத்தைப் பெருக்குகிறவளுக்கு அன்றைக்கு எத்தனை தட்டுப் போட்டோம் என்று யாரும் சொல்ல வேண்டாம், தூளைப் பார்த்தாலே தெரியும். தூளே இல்லையென்றால் தட்டே போடவில்லை.

இதைச் சொன்னதும் மருத்துவர் சிரித்துவிட்டார். "இனிமே நான் எல்லாருக்கும் இப்படியே சொல்லப் போறேன்."

மூன்றாவது, எதிர்ப்புப் புரதங்கள். கிருமி வந்தால் எதிர்க்க உடம்பு சில புரதங்களை உண்டாக்கும். சிலருக்கு ஆள் அடையாளம் தவறி, சொந்தக் கணையத்தின்மேலேயே அந்தச் சண்டை திரும்பிவிடும். அந்தச் சண்டை நடக்கிறதா என்று ரத்தத்தில் பார்க்கலாம். குழந்தைகளுக்கு வரும் சர்க்கரை நோய் இந்த வகை. பெரியவர்களுக்கும் வரும், மெதுவாக வருவதால் மற்ற வகை என்று நினைத்து மாத்திரை கொடுத்துக்கொண்டிருப்பார்கள் என்றார். எல்லோருக்கும் இந்தச் சோதனைகள் தேவையில்லை. ஒல்லியாக இருந்து, எடை குறைந்து, மாத்திரை கேட்காதவர்களுக்குக் கட்டாயம் யோசிக்க வேண்டும் என்றும் சொன்னார். உடம்பு கொஞ்சம் அடங்கட்டும் என்று ஆறாம் நாள்தான் ரத்தம் எடுத்தார்கள். வெளியே அனுப்பிப் பார்க்கும் சோதனை. முடிவு வர நாலு நாள்.

அந்த நாலு நாளில்தான் என் வேலைக்கு ஆபத்து வந்தது. ஒன்பதாம் நாள், பார்வையாளர் நேரத்தில், சரளா கஞ்சித் தூக்கைத் திறந்தபடியே சொன்னாள்.

"அண்ணி, மாஸ்டர்கிட்ட பேசிட்டேன். இனிமே வரமாட்டாங்க, வேற ஆள் பாத்துக்கோங்கன்னு. அண்ணனும் சரின்னுட்டாரு. பூனைய பால் காவலுக்கு வச்ச மாதிரி, எத்தன நாளைக்கு?"

என் கணவரைப் பார்த்தேன். அவர் ஜன்னலைப் பார்த்தார்.

"உடம்புதான் முக்கியம் கஸ்தூரி" என்றார். "ஊட்ல இருந்துக்க."

பதினோரு வருடம். இந்த உலகத்தில் நான் பேசாமலே என்னை மதிக்கிற இடம் அந்த அடுப்பு ஒன்றுதான். என் விரல் சரி என்றால்தான் மாவைக் கொட்டுவார்கள். அதை எடுத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்தால், தின்றவள் என்ற பெயரோடுதான் உட்கார வேண்டும். இருந்தும் அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை. கஞ்சியைக் குடித்தேன்.

மறுநாள் அதே நேரம். என் கணவர், சரளா, பவித்ரா மூவரும் இருந்தார்கள். மருத்துவர் கையில் தாளோடு வந்தார்.

"கஸ்தூரிம்மா, ரிசல்ட் வந்துடுச்சு. தனியா பேசலாமா?"

"வேணாம் மேடம். இங்கயே சொல்லுங்க. சத்தமா சொல்லுங்க."

என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. பக்கத்துக் கட்டில் அம்மாள் எழுந்து உட்கார்ந்தாள்.

மருத்துவர் சொன்னார். சி-பெப்டைடு அநேகமாக இல்லை. எதிர்ப்புப் புரதம் மிக அதிகம். என் கணையத்தில் இன்சுலின் செய்யும் பகுதியை என் உடம்பே அழித்துவிட்டது. மூன்று மாதம் கழித்து ஒருமுறை உறுதி பார்ப்போம், ஆனால் இன்சுலின் ஊசி வாழ்நாள் முழுக்க வேண்டும்.

"இனிப்பு தின்னதாலதானே டாக்டர்?" என்று கேட்டாள் சரளா.

"இல்லங்க. இவங்க பட்டினியே கிடந்திருந்தாலும் இது வந்திருக்கும். கிட்டத்தட்ட பட்டினியாத்தான் கிடந்திருக்காங்க. கணையத்த விரட்டுற மாத்திரை எப்படிக் கேக்கும்? விரட்டுறதுக்கு உள்ள மாடே இல்ல, சாட்டை மட்டும் வீசிட்டு இருந்திருக்கோம்."

நான் அந்தத் தாளை வாங்கினேன். ஆங்கிலம் எனக்குச் சரளமில்லை, எழுத்துக் கூட்டிப் படிப்பேன். ஒவ்வொரு வரியாகக் கூட்டிப் படித்தேன், சத்தமாக. அந்த நர்ஸ் கதவருகே நின்றிருந்தாள். அவளுக்கும் கேட்கட்டும் என்று படித்தேன்.

என் கணவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"அப்போ... அந்த எரநூத்தி அறுபத்தெட்டு?"

"அது நெசம்ங்க."

"நான்தானே கழிக்கச் சொன்னேன்" என்றார். என் காலைப் போர்வையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். அவரை நான் சும்மா விட்டேன். சரளாவை விடவில்லை.

"சரளா, மாஸ்டர் நம்பரு உங்கிட்ட கீதில்ல? போட்டுக் குடு."

"இப்பவா அண்ணி?"

"இப்பவே."

பதினோரு வருடத்தில் நானாக அவருக்குப் போன் செய்தது அதுதான் முதல்.

"மாஸ்டர், கஸ்தூரி பேசுறேன். வேற ஆள் வேணாம். நான் வரேன்."

"இன்னாமா இது, உன் நாத்தனாரு வரமாட்டன்னாங்க. சுகர்காரி சக்கரப் பாகாண்ட நிக்கலாமா?"

"நிக்கலாம். தின்னக்கூட தின்னலாம், ஊசிக் கணக்குப் போட்டு. ஆனா நான் தின்னல மாஸ்டர். அன்னிக்கி எந்தத் தட்டுல கைய வச்சேன்னு கேட்டீங்களே, எந்தத் தட்டுலயும் வைக்கல. எல்லார் முன்னாடியும் கேட்டீங்க. எல்லார் முன்னாடியும் இதச் சொல்லிடுங்க."

அந்தப் பக்கம் யாரிடமோ அடுப்பைக் குறைக்கச் சொல்லிவிட்டு வந்தார்.

"நீ வாமா மொதல்ல" என்றார். "பத்து நாளா எவன் பாத்தாலும் பாகு முத்திப் போவுது. பல்லு ஒடையுது."

சரளா முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "சொல்லியிருக்கலாமே அண்ணி" என்றாள். நான் சொல்லவில்லையா, நீ கேட்கவில்லையா என்று சண்டை போட்டிருக்கலாம். இரண்டும்தான். "இனிமே சொல்வேன்" என்றேன்.

இதைப் படிப்பவர்களில் மற்ற வகைச் சர்க்கரை உள்ளவர்கள்தான் அதிகம் இருப்பீர்கள். உங்களுக்கும் ஒன்று சொல்கிறேன். என் தாளில் எதிர்ப்புப் புரதம் இல்லாமல் வந்திருந்தாலும், என் டப்பாவைத் திறந்து பார்க்க யாருக்கும் உரிமை இல்லை. நோய் என்பது திருட்டு வழக்கு இல்லை. மாத்திரை கேட்கவில்லை என்றால் ஏன் கேட்கவில்லை என்று மருத்துவரிடம் திருப்பிக் கேளுங்கள். தலையாட்டிவிட்டு வராதீர்கள். நான் ஒன்றரை வருடம் தலையாட்டினேன், கடைசியில் உயிர் போகப் பார்த்தது.

வீட்டுக்கு வந்து மூன்று வாரம் கழித்து வேலைக்குப் போனேன். எடை நாற்பத்தேழு ஆகியிருந்தது. சாப்பிடுவதற்குப் பத்து, பதினைந்து நிமிடம் முன்னால் வயிற்றில் ஊசி போட வேண்டும். மதியம் எல்லோரும் வரிசையாகத் தரையில் உட்கார்ந்து தூக்கைத் திறந்தார்கள். நான் சோப்புப் போட்டுக் கையைக் கழுவி, விரலில் குத்திப் பார்த்தேன். வந்த எண்ணை அப்படியே எழுதினேன். பேனா மாதிரி இருக்கும் ஊசியில் மருந்தின் அளவைத் திருப்பி வைத்துக்கொண்டு, முந்தானையைக் கொஞ்சம் விலக்கினேன். இருபது பேர் கண்ணும் என்மேல்.

மாஸ்டர் பக்கத்தில் வந்து தாழ்ந்த குரலில் சொன்னார்.

"கஸ்தூரி, உள்ள ஸ்டோர் ரூம் காலியாத்தான் கீது. அங்க போய்ப் போட்டுக்கோயேமா. எல்லாரும் பாக்குறாங்க."

"பாக்கட்டும் மாஸ்டர்."

ஊசியை அழுத்தினேன். பத்து வரை எண்ணி வெளியே எடுத்தேன். பிறகு தூக்கை என் பக்கம் இழுத்து வைத்து, மூடியைத் திறந்து, அது முழுக்க இருந்த சோற்றை எல்லோரும் பார்க்கிற மாதிரி வைத்துக்கொண்டு காத்திருந்தேன்.